என் சுவரில் தம்பியின் உத்தரம்

கோலார் தங்கவயல், சாம்பியன் ரீப்ஸ், 1999 தை, வெள்ளி இரவு. நான் சொல்ல, மகள் கோமதி எழுதுகிறாள்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் தம்பி முருகேசன் புது அறை போடுகிறான். இன்று அதன் உத்தரத்தை என் சுவரில் சொருகிவிட்டான். ஷிப்ட் முடித்து வந்து நான் ஒத்தையாளாக எழுப்பிய சுவர்.

"பாதி என்னுதுண்ணா, போங்க" என்கிறான்.

சாயங்காலம் கோமதி, நாளை காலேஜில் நடத்தப்போகும் பாடத்தைச் சொல்லிப் பார்த்தாள். பல கிருமிகள் நடுவில் பிளந்து, பழைய சுவரை ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்ளுமாம். மொட்டு விடும் கிருமி அப்படியில்லை. ஒரு முனையில் முளைவிட்டு, குட்டிக்கு முழுசும் புதுச்சுவர் கட்டுமாம். பழைய சுவர் தாய்க்கே.

கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இருக்கிற ரோஷம் இவனுக்கு இல்லை. விடிந்ததும் கடப்பாரையால் சுவரை இடிப்பேன்.

"நம்ம கூரையும் வுழும்பா" என்கிறாள் கோமதி.

வுழட்டும். முதல்ல அவனுது வுழும்.