தெரு மேலே, வீடு கீழே

உ
மஸ்கட்
12-2-1999

அன்புள்ள சங்கரிக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். சக்கர நாற்காலி வந்து சேர்ந்ததா? உனக்கு விபத்து நடந்தபோது லீவு தரவில்லை என்ற வருத்தம் எனக்கும் இருக்கிறது.

இங்கே மலையில் லாரி ஏறுவதற்குக் கம்ப்யூட்டரில்தான் பாதை போடுகிறோம். நிலத்தின் மேடு பள்ள அளவுகளைக் கொடுத்தால், உதறிப் போட்ட போர்வை மாதிரி மலை திரையில் வந்து நிற்கும். அதன் மேல் சரிவை வரைந்தால் எங்கே வெட்டுவது, எங்கே நிரப்புவது என்று அதுவே சொல்லிவிடும். அதே மாதிரி நம் தெருவையும் வாசலையும் ஞாபகத்திலிருந்து போட்டு, இரண்டு படிக்கும் மேலே நீ நாற்காலியிலேயே ஏறிப்போக ஒரு சரிவு வரைந்திருக்கிறேன். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். தெருவில் நீட்டினால் காலையில் தறிக்குப் பாவு நூல் நீட்ட இடமில்லை என்று எதிர்வீட்டு லோகாம்பாள் சண்டைக்கு வருவாள். அதனால் சுவரை ஒட்டித் திருப்பிவிட்டேன். படத்தைக் கொத்தனார் ராமலிங்கத்திடம் கொடு.

உன்
சிவபாலன்

காஞ்சிபுரம்
3-3-1999

அன்புள்ள மாமாவுக்கு,

சங்கரி எழுதுவது. நாற்காலி வந்தது. படமும் வந்தது. ராமலிங்கம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "இன்னாம்மா, உன் வூட்டுக்காரரு மேல ஏத்திக்கினு போறாரு? படி எங்கம்மா இருக்குது? தெருவுதான் மேல இருக்குது!"

நீங்கள் கடைசியாக வந்து போய் நான்கு வருடம் ஆகிறது. அதற்குள் ஜல்லி கொட்டி ஒரு ரோடு, அதன் தலைமேலேயே சிமெண்டில் இன்னொரு ரோடு. இரண்டு படியும் புதைந்துபோய், இப்போது தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க வேண்டும். மழை பெய்தால் தண்ணீர் கூப்பிடாமலே வந்து உட்காருகிறது. தீபாவளிக்கே எழுதினேனே, படிக்கவில்லையா? நான் வெளியே போக வேண்டுமென்றால், கல்யாண வீட்டு அண்டாவைத் தூக்குவது போல இரண்டு பேர் என்னைத் தூக்க வேண்டியிருக்கிறது. வெட்கமாக இருக்கிறது, மாமா.

எப்போது வருகிறீர்கள்?

உங்கள்
சங்கரி

உ
மஸ்கட்
28-3-1999

அன்புள்ள சங்கரிக்கு,

படித்தேன், மறந்துவிட்டேன். திட்டிக்கொள். தெருவுக்கும் நம் தரைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று ராமலிங்கத்தை, தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயால் மட்டம் பிடித்து அளந்து சொல்லச் சொல். அளவு வந்ததும் புதிதாக வரைகிறேன். வருவதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

உன்
சிவபாலன்

காஞ்சிபுரம்
20-4-1999

அன்புள்ள மாமாவுக்கு,

அளவு பின்னால் எழுதியிருக்கிறேன். குழாயின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன். லோகாம்பாள் ஓடிவந்து, "ஐயய்யோ, தண்ணி அந்தாண்ட போவுது பாரு!" என்று கத்த, என் புடவையெல்லாம் நனைந்துவிட்டது. எத்தனை நாளைக்குப் பிறகு அப்படிச் சிரித்தேன்! எல்லாரும் போனதும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. உட்கார்ந்து அழுதேன்.

ஊனமுற்றோர் என்று எனக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டெலிபோன் பூத் ஒதுக்கியிருக்கிறார்கள். தினமும் என்னை யார் தூக்கிக்கொண்டு போய் விடுவது? நீங்கள் வந்தால் இரண்டு பேருமாக நடத்தலாம். வயிற்றுப்பாட்டுக்கு ஆகும். நான் கேட்பது சரிவு இல்லை, மாமா. உங்களைத்தான் கேட்கிறேன்.

உங்கள்
சங்கரி

உ
மஸ்கட்
21-5-1999

அன்புள்ள சங்கரிக்கு,

வெள்ளிக்கிழமை லீவு முழுவதும் உட்கார்ந்து வரைந்தேன். இந்த முறை தப்பு வராது. சரிவு முன்னறைக்குள்ளேயே இறங்கும். மழைத்தண்ணீர் வராமல் வாசலில் சின்ன மேடு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி. வாசல் தரை உயர்வதால் கதவு நிலையின் உயரம் குறையும். நாற்காலியில் இருக்கும் உனக்குத் தலை இடிக்காது. நான்தான் குனிந்து வர வேண்டும்.

காண்டிராக்டை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. பூத்தெல்லாம் உனக்கு எதற்கு? நான்தான் அனுப்புகிறேனே.

உன்
சிவபாலன்

காஞ்சிபுரம்
18-7-1999

அன்புள்ள மாமாவுக்கு,

படத்தில் இருந்தபடியே ராமலிங்கம் கட்டிவிட்டார். நல்ல மழை பெய்தது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. உங்கள் வேலை அருமையான வேலை. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதல் நாள் கம்பியைப் பிடித்து நானே மேலே ஏறித் தெருவுக்கு வந்தேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. அப்படியே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் பூத்தைத் திறந்தேன். பூத்துக்குப் பின்பக்கம் மங்கையர்க்கரசி என்று ஒரு டீச்சர் குடியிருக்கிறார். அவர் வீட்டிலேயே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. போன வாரம் சாமான்களோடு வந்துவிட்டேன். வீட்டைப் பூட்டிச் சாவியை லோகாம்பாளிடம் கொடுத்திருக்கிறேன். இனி எனக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

இங்கிருந்து வெளிநாட்டுக்கும் பேசலாம். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் தினமும் பெண்கள் வந்து பேசுகிறார்கள். எல்லாரும் கடைசியில், "எப்ப வர்றே?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள் என்பது எனக்குக் கேட்காது. நான் பில்லைக் கிழித்துக் கொடுக்கிறேன்.

உங்களை நான் இனி அதைக் கேட்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சங்கரி