உதட்டின் இடது பாதி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் ஞானப்பல்லை எடுத்தார்கள். கீழே, இடது பக்கம். படுத்த வாக்கில் முளைத்திருந்ததாம். ஈறைக் கீறி, பல்லை உடைத்து எடுத்தார் டாக்டர். பஞ்சைக் கடித்தபடி எழுதுகிறேன். "இருந்த கொஞ்சநஞ்ச ஞானமும் போச்சா?" என்கிறார் இவர். சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. கீழுதடு மரத்துக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் சரியாகிவிடுமாம்.

மார்ச் 5

ஆகவில்லை.

மார்ச் 7

வீக்கம் வடிகிறது. வலிகூடப் பரவாயில்லை. ஆனால் உதட்டின் இடது பாதி என்னுடையதாகவே இல்லை. கஞ்சி வழிந்ததே தெரியவில்லை, இவர்தான் துடைத்துவிட்டார். டாக்டருக்குப் போன் போட்டேன். "வேர் நரம்பை ஒட்டி இருந்துச்சும்மா. உணர்ச்சி மெதுவாத்தான் திரும்பும். மாசக்கணக்குல ஆகலாம்."

"வராமலே போயிட்டா?" என்றேன்.

"பெரும்பாலும் வந்துடும்."

பெரும்பாலும்! இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தையல்காரிக்கு உதடுதான் மூன்றாவது கை. ஆளை நிற்க வைத்து அளவு பிடிக்கும்போது இரண்டு கையும் துணியில் இருக்கும், குண்டூசிகள் உதட்டில் இருக்கும். எத்தனை மிச்சம் என்று உதடே சொல்லும். இப்போது அது வாய் திறக்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 11

தையல் பிரித்தார்கள். ஈறு நன்றாக ஆறியிருக்கிறதாம். டாக்டர் ஏதோ கருவியின் நுனியால் உதட்டைத் தொட்டு, "தெரியுதா?" என்றார். எதைக் கேட்கிறார் என்றே புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் முத்தம் கொடுத்தார். பாதிதான் வந்து சேர்ந்தது. சொன்னால் வருத்தப்படுவார். சொல்லவில்லை.

மார்ச் 13

கடைக்குப் போனேன். "வாய்ல ஊசி வைக்காதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கட்டிங் மாஸ்டர் ஊசி குத்தி வைக்க, மணிக்கட்டில் கட்டுகிற பின்குஷன் ஒன்றைக் கொடுத்தார். சரி என்று தலையாட்டினேன். தலையாட்ட என்ன, மாடுகூடத்தான் ஆட்டும்.

மார்ச் 15

இன்றைக்கு நடந்ததை எழுதிவிடணும்.

ஒரு சின்னப் பெண்ணின் கவுன். விளிம்பை மடித்துக் குத்த வேண்டும். அவள் ஒரு இடத்தில் நிற்கவில்லை, நெளிகிறாள். இரண்டு கையாலும் அவளைப் பிடித்தேன் — ஊசிகள் எப்போது உதட்டுக்குப் போயின? சத்தியமாகத் தெரியாது. அங்கேயே தைத்துக் கொடுத்தேன், அம்மாவும் பெண்ணும் போய்விட்டார்கள். பிறகு பார்த்தால் ஓர் ஊசி குறைகிறது. மாஸ்டர் தரை முழுக்கக் காந்தத்தை இழுத்துப் பார்த்தார். இல்லை. விழுங்கிட்டேனா? அடிப்பாவி, விழுங்கினதுகூடத் தெரியாமலா?

இவர் ஓடி வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை. "அப்பாடா!" என்று சுவரில் சாய்ந்தார் இவர். எனக்கு அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. என் வயிற்றில் இல்லையென்றால் அந்தக் கவுனில்!

"கழட்டுங்க, உடனே கழட்டுங்க" என்று போனில் கத்தினேன். வாய் குழறியது. அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவே இல்லை. காந்தத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்கு ஓடினோம். உதட்டிலிருந்து நழுவி, இடுப்பு ரிப்பன் மடிப்புக்குள் விழுந்திருந்தது. முனை உள்பக்கமாக. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டவே இல்லை, பார்த்தாள், அவ்வளவுதான். நாலு அறை விட்டிருக்கலாம்.

மார்ச் 17

"உதடு சரியாகிற வரைக்கும் ஆள் அளவு வேண்டாம். மெஷின்லயே உட்காரு" என்றார் மாஸ்டர். நியாயம்தான். ஆனா அழுகை வந்துடுச்சு. சரியாகாட்டி?

ஏப்ரல் 2

தினமும் காலையில் சீப்பின் பல்லால் குத்திப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை.

ஏப்ரல் 19

ஓரத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி. கண்ணாடியில் பார்த்தேன், எறும்பு இல்லை. மனப்பிராந்தியோ என்னவோ. இவரிடம் சொல்லவில்லை. ஆசை காட்டி மோசம் செய்யக் கூடாது.

ஏப்ரல் 30

எறும்பும் இல்லை. இனி குத்திப் பார்ப்பதாக இல்லை. சீப்பை இவருடைய அலமாரியில் போட்டுவிட்டேன்.

மே 11, ஞாயிறு

காலையில் இவர் முத்தம் கொடுத்தார். "ஆ!" என்று கத்திவிட்டேன்.

பதறிப்போய் விலகினார். "ஐயோ, வலிக்குதா? ரெண்டு நாளா ஷேவ் பண்ணலை, தாடி குத்தியிருக்கும். எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"இரு, ஷேவ் பண்ணிட்டு வரேன்" என்று எழுந்தார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"வேண்டாம். குத்தட்டும்."