ஜடையம்மாவுக்கு வேலை உறுதியானது

மைசூரு, திங்கட்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு, மாதேஸ்வரி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? கௌதள்ளியில் மழை உண்டா? போனில் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் பத்திரிகையில் காட்டுப் பக்கத்து ஆள் ஒருவர்கூட இல்லையென்று ஆசிரியரோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டி, சோளகர் பழங்குடிப் பெண் ஜடையம்மாவைப் பயிற்சிக்குச் சேர்த்தேன் அல்லவா? "ஊரு வம்ப ஏங்கண்ணு வெலைக்கு வாங்கற?" என்றீர்கள். பயிற்சி முடிந்ததும் அவளை அனுப்பினால் நானும் போய்விடுவேன் என்று ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். அதை மட்டும் உங்களிடம் சொல்லவில்லை.

நேற்று, ஒரு கிராமத்தாரைக் காட்டை ஆக்கிரமித்தவர்கள் என்று சொல்லும் செய்தி அச்சுக்குப் போக இருந்தது. ஜடையம்மா எழுந்து, "சார், அது எங்க அத்தை ஊரு. அவங்ககிட்ட பட்டா இருக்குது" என்றாள். விசாரித்தோம். உண்மைதான். செய்தியை அவளே திருத்தி எழுதினாள். ஆசிரியர் படித்துவிட்டு, "இவங்க இங்கேயே இருக்கட்டும். நீங்களும் ராஜினாமாப் பேச்சை விடுங்கம்மா" என்றார். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் யாராவது வந்தால் ராகி மாவு கொடுத்தனுப்புங்கள். ஒருத்திக்காகக் களி கிண்ட மனசே வருவதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஜடையம்மாவைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன். கூட்டத்துக்கு அழைக்கிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
மாதேஸ்வரி