செவலையை அவிழ்த்துக் கொடுக்கும்போது

நேற்றுச் சண்டையோடு பேச்சு நின்றுபோனதால் எழுதி வைக்கிறேன். நான் கச்சான் கடலை பிடுங்கப் போகிறேன். சோறு அடுப்படியில் இருக்கிறது, சம்பலைக் கோப்பையால் மூடியிருக்கிறேன்.

மாடு வாங்குகிற மஹ்றூப் நானா காலையிலேயே லாண்ட்மாஸ்டர் வண்டி கொண்டு வருவார். செவலையை அவிழ்த்துக் கொடுத்துவிடுங்கள். எங்கே கொண்டுபோகிறார் என்று கேட்க வேண்டாம், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எத்தனை சினை ஊசி போட்டும் மறுபடி பிடிக்கவில்லை. மாங்குளத்து மாட்டு டாக்குத்தர் உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாரே: "கண்டு போட முன்னமே சோத்தையும் தவிட்டையும் குடுத்துக் கொழுக்க வச்சிட்டியள். இப்ப அதின்ர உடம்பு தனக்குள்ள சுரக்கிற இன்சுலினுக்கு மசியுதில்லை. சத்தெல்லாம் மடிக்குப் போகுது, கருப்பைக்கு ஒண்டும் சேருதில்லை."

அப்போதும் நீங்கள், "பாசத்துல வச்சதுங்க ஐயா" என்றீர்கள். தேயிலைத் தோட்டத்தில் பட்டினி கிடந்து வளர்ந்த ஆள், வாயில்லாத சீவனைக் கண்டால் சோற்றை அள்ளத்தான் செய்வார். அதற்காக நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் கன்று போட்டு நாளாகிவிட்டது, இப்போது பாலும் வற்றிக்கொண்டு வருகிறது. சும்மா கட்டித் தீனி போட நமக்கு வக்கில்லை.

கன்றைப் பின்வளவில் கட்டுங்கள். தாயை ஏற்றுவதை அது பார்க்க வேண்டாம்.

ராக்காயி

இன்னொன்று. சினை நிற்காத மாடு என்று நானாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மலட்டு மாடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அது உங்கள் அக்கா என்னைச் சொல்லுகிற சொல். நேற்றுக் கோபத்தில் நீங்களும் என்னைச் சொன்னீர்கள். செவலை ஒரு கன்றாவது போட்டிருக்கிறது.