தண்ணீர் ஏறாத தொட்டியில் மூன்று நிமிடம்

எங்கேயும் தன் பேரைப் போடாத என் அண்ணனுக்கு,

நம் தொட்டியை இடிக்கப் போகிறார்கள். இடித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகக் கட்டி, இந்த முறை நிஜமாகவே தண்ணீர் ஏற்றப் போகிறார்களாம். மனு கொடுத்தவள் நான். மகளிர் குழுத் தலைவி என்பதால் சம்மதக் கடிதத்தில் முதல் கையெழுத்தும் நான்தான் போட வேண்டும். கடிதம் வந்து நாலு நாள் போட முடியாமல் கிடந்தேன். காரணம் நீ. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கூடவே படிக்கிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற பக்கம் எங்கள் காலனி. 1993-இல், நீ பிறந்த வருஷம், காலனிக்கென்று உயரமான தொட்டி ஒன்று கட்டினார்கள். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், திறந்துவைத்தவர் என்று ஒன்பது பேருடைய பெயர் அதன் கல்வெட்டில் இருக்கிறது. குழாய் மட்டும் வரவில்லை. ஊர்க்காரர் ஒருவருடைய வரப்போரமாகக் குழாய் பதிக்க வேண்டும். அவர் முடியாது என்றார். ஒன்பது பேரில் ஒருவரும் அவரிடம் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அதில் ஏறியதில்லை. இன்றைக்கும் அம்மா ஊர்ப் பக்கத்துப் பம்புசெட்டில் நின்று, கேட்டு, காத்திருந்துதான் குடம் நிரப்புகிறாள்.

அந்தத் தொட்டிக்குள் இறங்கித்தான் நீ பாடினாய். பாடினாய் என்றால் கத்தினாய்.

திண்டிவனம் செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவது உன் வேலை. குயிலாப்பாளையம் பக்கம் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் கார்டைக் கொடுத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னான். அழிப்பதற்கு முன் நீ ஒரு பிரதி எடுத்துக்கொண்டாய். பிளாக் மெட்டல் என்று ஒருவகை மேல்நாட்டு இசை. கிடார் குளவிக்கூடு மாதிரி இரையும், பின்னால் மூடுபனி போல ஓர் ஓசை படரும், எங்கோ தூரத்தில் ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். வீட்டுக்கு வந்து எனக்குப் போட்டுக் காட்டினாய்.

“இன்னாண்ணே, ஆட்ட அறுக்கறானுங்களா?” என்றேன்.

“ஒரே ஆளுடி. கிட்டாரு, டிரம்மு, கத்தறது, அல்லாம் அவனே. நாலு பேர சேக்கத் தேவல. எவன் வூட்டு வாசல்லயும் போயி நிக்கத் தேவல.”

கிடார் பழையது ஒன்று வாங்கினாய். டிரம்மைக் கடைக் கம்ப்யூட்டரில் தட்டினாய். குரல்தான் பேஜாராகிவிட்டது. முதல் நாள் வீட்டுக்குள் கத்தினாய். பாம்பு கடித்துவிட்டது என்று பத்துப் பேர் ஓடிவந்தார்கள். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா கையில் கடப்பாரை. “எங்கடா கடிச்சிது? கைலிய தூக்குடா, பாக்கணும்!” என்று உன்னைத் துரத்தினாள். ஒரு வாரம் நீ தெருவில் தலைகாட்டவில்லை.

பிறகுதான் தொட்டி. உன் லீவு நாளில், காலனியே ஏரி வேலைக்குப் போயிருக்கும் நடுப்பகலில் ஏறுவோம். போனில் பதிவைப் போட்டுக்கொண்டு நீ உள்ளே இறங்குவாய், நான் இரும்பு மூடியை மூடிவிட்டு மேலே உட்காருவேன். சித்திரை வெயிலில் மூன்று நிமிடத்துக்கு மேல் உள்ளே மூச்சு விட முடியாது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டுவாய், திறப்பேன். உன் பாட்டெல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிவதற்கு இதுதான் காரணம். இந்த மாதிரி இசையில் ஒரு பாட்டே கால் மணி நேரம் ஓடுமாம். நீ இணையத்தில் ஏற்றியதைக் கேட்டவர்கள் உன் சுருக்கத்தைப் பெரிய துணிச்சல் என்று அங்கே எழுதுகிறார்கள். வெயில் என்று யாருக்கும் தோன்றவில்லை. வடதுருவத்துக் குளிர் தெரிகிறதாம் அதில்.

ஒருமுறை கீழே ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

“ஏம்மா, மேல இன்னா பண்ற?”

“தண்ணி வந்துச்சான்னு பாக்கறேங்க.”

“வந்துச்சா?”

“இருபது வருசமா பாத்துக்கினுதான் கீறோம். நீங்க சொன்னா வரும்.”

“வாய் ரொம்ப நீளுது. உள்ள இன்னா சத்தம்?”

“புறாங்க.”

நீ உள்ளே தட்டிக்கொண்டே இருந்தாய், அவர் முறைத்துவிட்டுப் போகும்வரை நான் மூடியைத் தொடவில்லை. திறந்தபோது உன் சட்டையைப் பிழியலாம். கண் செருகியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “சோறு துன்னுட்டு வந்தியாடி?” என்றாய். அந்தப் பதிவு நாலு நிமிடத்துக்கு மேல். கடைசி ஒரு நிமிடம் நீ நிஜமாகவே கத்தினாய். அதைத்தான் உன்னுடைய சிறந்த பாட்டு என்கிறார்கள். நான் அதைக் கேட்பதில்லை.

பேர் விஷயத்தில் நமக்குச் சண்டை. சென்னைக்காரன் ஒருவன் உன் பாட்டைப் புகழ்ந்து நாள் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தான். விழுப்புரம் மாவட்டம் என்று நீ சொன்னதும் எந்த ஊர் என்றான், ஊரில் எந்தப் பக்கம் என்றான். அன்றோடு அவனுக்குப் பதில் போடுவதை நிறுத்தினாய். “பேரு போட்டா ஊரு கேப்பான், ஊரு சொன்னா தெரு கேப்பான். பேருக்குப் பதிலா கறுப்புப் படம் ஒண்ணு போதும்” என்றாய். காலனிக்காரன் செய்தான் என்று தெரியட்டுமே என்றேன் நான். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் இந்தக் கடிதத்தில் உன் பேர் இல்லை, பார்த்துக்கொள்.

பைபாஸில் லாரி அடித்து நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன் மெயிலை நான்தான் பார்க்கிறேன். உன் பதிவுகள் பதினொன்றையும் கேசட்டாகப் போட வேண்டும் என்று ஒரு போலந்துக்காரர் கேட்டார். நல்ல மனிதர். நீ பாடிய தொட்டியை இடிக்கப் போகிறார்கள் என்று எழுதினேன். பதறிவிட்டார். கோடையில் தானே வருவதாகவும், அந்த வெற்றுத் தொட்டியின் சத்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும், அதுவரை யாரையும் கைவைக்க விட வேண்டாம் என்றும் கெஞ்சி எழுதியிருந்தார். இஞ்சினியரோ இந்த வாரத்துக்குள் கையெழுத்து வராவிட்டால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும் என்கிறார்.

எனக்கும் தொட்டியை விட மனசு வரவில்லை என்பதுதான் உண்மை. மூன்றாம் நாள் தனியாக ஏறினேன். மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, “அண்ணே” என்று கூப்பிட்டேன். சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. இறங்கி வந்து கடிதத்தை அலமாரியிலேயே வைத்துவிட்டேன். என் அண்ணன் சத்தத்துக்காகக் காலனி இன்னொரு இருபது வருஷம் குடம் தூக்கலாம் என்று நினைத்தேனா? எனக்கே தெரியவில்லை.

மறுநாள் காலை அம்மா குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். “நாலு நாளா அந்தக் காயிதம் கெடக்குதே. பேனா இல்லியா, கை இல்லியா?”

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ தொட்டிக்குள் இறங்கியதே அவளுக்கு அதுவரை தெரியாது. திட்டுவாள் என்று பார்த்தேன். “போடு, கேக்கறேன்” என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு முழுவதும் கேட்டாள்.

“ஏண்டி, இவனுக்கு இன்னா வயித்து வலியா?”

கடைசியில் இரண்டு தட்டு கேட்டது. அம்மா போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“தட்டறான் பாரு. தொறந்தியா?”

“தொறந்தேம்மா.”

“ஒடனேவா?”

“ஒடனே,” என்றேன். அந்தச் சைக்கிள்காரர் நின்ற நாளை மட்டும் சொல்லவில்லை. என்னை மன்னித்துக்கொள்.

போனை என் கையில் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: “அதான் இதுல கீறானே. அப்பால அந்தத் தொட்டிய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? அந்த வெள்ளக்காரர வரச் சொல்லு. வந்து நாலு நாளு என்கூடக் கொடம் தூக்கட்டும், ஜல்தியா புரிஞ்சிடும்.”

கையெழுத்துப் போட்டுவிட்டேன். போலந்துக்காரருக்கும் எழுதினேன். கேசட் போடுங்கள், பேர் போட வேண்டாம், படமும் கிடையாது. காலனிக்குத் தண்ணீர் தராததால் உண்டான சத்தம் அது, அதைப் பாதுகாக்க என்னால் முடியாது என்றேன். தட்டுகிற சத்தத்தை மட்டும் வெட்டாதீர்கள் என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை இடிக்கிறார்கள். உனக்கு வருத்தமா, கோபமா? நீ இருந்திருந்தால் முதல் அடியை நீயே அடித்திருப்பாய் என்று சொல்லிக்கொள்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

ஒன்று சொல்கிறேன், இதை உனக்குத் தந்த வாக்காக வைத்துக்கொள். இந்த முறையும் தொட்டியைக் கட்டிக் கல்வெட்டை வைத்துவிட்டுக் குழாயை மறந்தார்கள் என்றால், நான் யூனியன் ஆபீஸ் வாசலில் போய் நின்று கத்துவேன். பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, என் பேரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, தெருவைச் சொல்லிக் கத்துவேன். மூன்று நிமிடத்தோடு நிறுத்த மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
உன் தங்கச்சி