நோரீனின் தோளுக்கு ஒரு துப்பாக்கி

மார்ச் 3, ஞாயிறு

காற்றும் சேறும். துப்பாக்கி சுடும் கிளப்பில் இன்றும் தேநீர் ஊற்றும் வேலை எனக்குத்தான். பேக்கன் ரொட்டி பத்து மணிக்கெல்லாம் தீர்ந்து, வழக்கமான முணுமுணுப்பு. என் வீட்டுக்காரர் ஹெட்லி கிளப் குடிசைக்குள் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெளியே ஒவ்வொரு வெடிச் சத்தத்துக்கும் தலையைத் தூக்கினார். பிறகு மறுபடி கையைப் பார்த்தார்.

மறதி நோய் என்று போன அக்டோபரில் டாக்டர் எழுதியதுமே போலீஸ் அவருடைய துப்பாக்கி உரிமத்தை ரத்து செய்துவிட்டது. துப்பாக்கி டவுனில் டகெட்டின் துப்பாக்கிக் கடையில் பூட்டிக் கிடக்கிறது. நியாயம்தான், நானும் மறுத்துப் பேசவில்லை. ஆனாலும் வலிக்கிறது.

"வீட்டுக்குப் போலாம் நோரி. இங்க எனக்கென்ன வேலை?"

வாரம் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து பீட்ரூட் வயலைப் பார்க்கிறார். இந்த ஒரு காலையில்தான் அவர் ஹெட்லியாக இருக்கிறார். இதுவும் வேண்டாம் என்றால் மிச்சம் என்ன?

மெர்வ் அவருக்குப் பழைய சிநேகிதர், ஒன்றாகச் சுட ஆரம்பித்தவர்கள். கோப்பையை நீட்டியபடி சொன்னார்: "நீ சுடேன் நோரீன். நீ சுட்டா அவன் பின்னாடி நின்னு உன்னைத் திட்டிக்கிட்டே இருப்பான். அவனுக்கு வேற என்ன வேணும்?"

சிரித்துவிட்டேன். எனக்கு அறுபத்தாறு வயது.

மார்ச் 10, ஞாயிறு

சுட்டேன்!

மெர்வின் துப்பாக்கி. தோளில் கத்தரிக்காய் நிறத்தில் காயம். எந்திரம் வானில் வீசும் களிமண் தட்டுகளில் ஒன்றுகூட உடையவில்லை, எல்லாம் முழுசாகப் பறந்து போய் புல்லில் விழுந்தன. அவற்றை அள்ளி வீட்டில் அடுக்கியிருக்கலாம்.

ஆனால், நாலாவது முறை சுடும்போது முதுகுக்குப் பின்னால் குரல்.

"விசையை இழுக்கும்போது உன் கை நின்னுடுது. நிறுத்தாதே. தட்டோட கூடவே போ."

யாரும் கூப்பிடாமல் ஹெட்லி எழுந்து வந்திருந்தார். கோட்டின் பொத்தானைக்கூடத் தப்பாகப் போட்டிருந்தார். குரல் மட்டும் பழைய குரல். மதியம் வரை நகரவில்லை, வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காரில் திரும்பும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தார். நான் உரிமத்துக்கு எழுதிப் போடப் போகிறேன்.

ஏப்ரல் 18, வியாழன்

போலீஸ்காரம்மா வந்து போனார். நல்ல மாதிரி. எனக்கு உரிமம் கிடைக்கும். ஆனால் ஹெட்லி இருக்கும் வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது, டகெட்டிடமே வைக்க வேண்டும். சரி என்றேன். அவர் போகும்போது ஹெட்லி கையைக் குலுக்கி, "என்கூட வேலை பார்த்தவங்கதானே?" என்றார்.

மே 23, வியாழன்

உரிமம் வந்த கையோடு டகெட் கடைக்குப் போனோம்.

முதலில் ஹெட்லியின் துப்பாக்கியைத்தான் எடுக்கச் சொன்னேன். அதையே சுடலாமே, வேறு எதற்கு என்று ஒரு நப்பாசை. தோளில் வைத்தால் பின்பக்க மரக்கட்டை அக்குளுக்கு வெளியே நீள்கிறது. அவர் இடதுகைக்காரர், கட்டையை அவர் கன்னத்துக்கென்றே ஒரு பக்கமாக வளைத்துச் செய்தது. என் கண்ணுக்குக் குழலின் ஓரம்தான் தெரிந்தது. கன்னம் படும் இடத்தில் மட்டும் மரம் வழுவழுவென்று இருந்தது. அங்கே என் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். குறி பார்ப்பதாக டகெட் நினைத்திருப்பார்.

"சூடு காட்டி வளைச்சு, நீளத்தையும் வெட்டிக் குறைக்கலாம்மா," என்றார். "ஆனா அப்புறம் அது அவரோடதா இருக்காது. உங்களோடதாவும் இருக்காது."

அதை டகெட் விற்றுத் தரும் பணத்தில்தான் எனக்கு ஒன்று வாங்க முடியும். அறுநூறு பவுண்டுக்குள் என்றேன்.

எடுத்ததும் நான் கை வைத்தது சின்னக் குழல் துப்பாக்கி ஒன்றின் மேல். இறகு மாதிரி கனமே இல்லை. டகெட் தலையை ஆட்டினார்: "எல்லாப் பெண்களும் இதைத்தான் தூக்குறாங்க. கனமில்லாதது உங்க தோளைத்தான் உதைக்கும். நாள் முழுக்கச் சுடணும்னா கொஞ்சம் கனம் வேணும்."

அடுத்தது முந்தின நாள் வந்ததாம், அவரே இன்னும் சரியாகப் பார்க்கவில்லையாம். வால்நட் கட்டையில் தேன் நிறத்தில் வரிவரியாக ஓட்டம். விலையும் கைக்குள். எனக்குப் பிடித்துவிட்டது, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றே இருந்தேன். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற ஹெட்லி கையை நீட்டினார். டகெட் திறந்து, காலி என்று காட்டிவிட்டுக் கொடுத்தார். ஹெட்லி தோளில் ஏற்றினார். பழைய மாதிரியே ஒரே அசைவு. இறக்கினார்.

"ரொம்ப நல்லா உக்காருது."

"அப்போ வாங்கிடலாமா?"

"எனக்கு நல்லா உக்காந்தா உனக்கு எப்படி உக்காரும், நோரி?"

டகெட் வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இதுவும் இடதுகைக்காரருக்குச் செய்ததுதான்.

கடைசியில் அமைந்தது யாரும் சீந்தாத ஒன்று. ஜப்பானில் செய்தது, மேலும் கீழுமாக இரண்டு குழல், கறுப்பு தேய்ந்துபோன இரும்பு. யாரோ ஒரு பெண்ணுக்காகக் கட்டையை முன்பே குட்டையாக வெட்டியிருந்தார்கள். ஹெட்லி காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். கடகடக்கவில்லை. குழலை வெளிச்சத்துக்குத் தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தார். மூடும்போது வந்த சத்தத்தைக் கேட்டுத் தலையசைத்தார்.

"அழகில்ல. உனக்கு இது போதும்."

என்னைத்தான் கேலி செய்கிறார்! எத்தனை மாதமாயிற்று அவர் என்னைக் கேலி செய்து! டகெட் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

ஜூன் 4, செவ்வாய்

அவருடைய துப்பாக்கி விற்றுப்போனது. வாங்கியவர் இளைஞராம், இடதுகைக்காரர். நன்றாகச் சுடட்டும்.

ஜூன் 6, வியாழன்

என்ன எழுதுறது.

நான் வேலைக்குப் போன நேரத்துல, வீட்டுல துப்பாக்கி வைக்கிற இரும்புப் பெட்டியைத் திறந்து வச்சிருக்கார். அதுல போன அக்டோபர்லேர்ந்தே ஒண்ணும் இல்ல, பூட்டக்கூட இல்ல. இன்னைக்குத்தான் அவர் கண்ணுல பட்டிருக்கு. நான் உள்ள வந்ததும் கத்துறார் — "என் துப்பாக்கி எங்க? வித்துட்டியா? நான் உசுரோட இருக்கும்போதே வித்துட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். டகெட்கிட்ட இருக்குன்னு சொல்லியிருக்கலாமே. வாயில வரல. ஆமான்னு சொன்னேன்.

"திருடி."

இதுவரைக்கும் அந்த மாதிரி ஒரு வார்த்தை அவர் வாயில வந்ததில்ல. நான் யாருக்காகப் பண்ணினேன்? எனக்காகவா? எனக்கு என்ன சுடணும்னு ஆசையா?

ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்தப்போ அவருக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. உருளைக்கிழங்கு நல்லா இருக்குன்னார். எனக்கு மட்டும் ஞாபகம் இருக்கு.

ஜூன் 16, ஞாயிறு

பன்னிரண்டு தட்டு உடைத்தேன். பின்னால் நின்று திட்டினார். சந்தோஷமாகத் திட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில். கிளப் முழுக்க வியர்வை நாற்றம். "உன் பொண்டாட்டி உன்னை மிஞ்சிடுவா போலிருக்கே," என்று மெர்வ் சீண்டினார். ஹெட்லி மரியாதையாகச் சிரித்துவைத்தார். யாருடைய பெண்டாட்டி என்று கேட்கிற சிரிப்பு அது. என் மனசுதான் கண்டதையும் நினைக்கிறதோ?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போகவில்லை. காலணி போடமாட்டேன் என்று அடம். நாளெல்லாம் ஜன்னலோரம்.

செப்டம்பர் 15, ஞாயிறு

அறுவடை முடிந்து வயல் மொட்டையாகக் கிடக்கிறது. இன்று மறுப்புச் சொல்லாமல் வந்தார்.

மரங்களுக்கு மேலே உயரமாகக் கடக்கும் தட்டு எனக்கு எப்போதும் தகராறுதான். இன்று அது நடுவானில் தூளாகச் சிதறியது. அடுத்ததும் அப்படியே. திரும்பிப் பார்த்தேன். ஹெட்லி கை தட்டினார்.

"உங்க கை நிக்காம போகுதும்மா. அதுதான் சுடுறது. யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

தோட்டா உறையை எடுத்துப் பையில் போட்டேன்.

"இங்கேதான். ஒருத்தர் சொல்லிக்கொடுத்தார்."

"நல்ல ஆளுதான். அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

திறந்து, காலி என்று காட்டி, நான் பிடித்தபடியே நீட்டினேன். கட்டையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார்.

"குட்டையா வெட்டியிருக்கு. இதுமாதிரிதான் தேடிக்கிட்டிருக்கேன், என் வீட்டுக்காரிக்கு. அவ சின்ன உருவம். புதுசு வாங்க நம்மால ஆகாது."

"சுடுவாங்களா?"

"தெரியலியே." அவர் முகம் சுருங்கியது. "ஞாயிற்றுக்கிழமையானா வந்து இங்க எல்லாருக்கும் தேநீர் ஊத்துவா. குளிர்ல நிப்பா. நீயும் சுடுறியான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, பாருங்க."

நான்தான்யா நோரின்னு சொல்லியிருக்கணும். சொல்லியிருந்தா பயந்திருப்பார். ஊருக்கு முன்னாடி அவரைப் பயமுறுத்த எனக்கு மனசு வரல.

"கேட்டா சந்தோஷப்படுவாங்க," என்றேன்.

"அப்படியா சொல்றீங்க?" குடிசைக் கதவைப் பார்த்தார். "உள்ளதான் இருப்பா. கொஞ்சம் இருங்கம்மா, வந்ததும் தோள்ல வச்சுப் பார்க்கட்டும். உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே?"

"இல்லை," என்றேன்.

துப்பாக்கியைத் திறந்தபடியே மடியில் வைத்து, பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெர்வ் இரண்டு கோப்பை தேநீர் வைத்துவிட்டுப் போனார். அது ஆறும்வரை நானும் ஹெட்லியும் கதவைப் பார்த்தபடி நோரீனுக்காகக் காத்திருந்தோம்.