அம்மாவின் இரண்டாவது முகமூடி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் முதலில். இங்கே எல்லோரும் சுகம் என்று அடுத்த வரியை எழுதுவது என் வழக்கம், இந்தத் தடவை அதை எழுத முடியவில்லை அம்மாடி. போனில் சொன்னால் பக்கத்து அறையில் உன் அம்மாவுக்குக் கேட்டுவிடும், அதனால்தான் கடிதம்.

தொண்டையில் வந்த புற்று கழுத்தில் நெறிகட்டி நிற்கிறது, ரேடியேஷன் கரண்டு வைத்தால் கரைந்துவிடும் என்று உன்னிடம் சொல்லியிருந்தோம். அப்போது டாக்டர் எங்களுக்குச் சொன்னதும் அதுதான். ஆஸ்பத்திரியில் வலைபோன்ற பிளாஸ்டிக்கைச் சூடாக்கி, அவள் முகத்தின் மேல் அழுத்தி ஒரு முகமூடி செய்தார்கள். அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிட்டால் தலையை இம்மிகூட அசைக்க முடியாது. முதல் நாள் மாட்டிவிட்ட பெண்ணிடம், "பிரேக் எந்தப் பக்கம்மா இருக்கு?" என்று கேட்டாளாம் உன் அம்மா. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள், வேறு என்ன கேட்பாள். போகப் போக அந்தச் சிரிப்பு நின்றது. கழுத்து தீயில் வாட்டியது போலக் கறுத்து உரிந்தது, எச்சில் வற்றிப்போனது, தண்ணீர்கூடக் கண்ணாடித் தூள் மாதிரி இறங்குகிறது என்றாள். சித்தி எதை அரைத்துக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை. மெலிந்து மெலிந்து அந்த முகமூடி அவளுக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது, வேறு செய்ய வேண்டும், அதற்கு மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். போன வாரம் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். கழுத்தில் இருப்பது சுருங்கவில்லை, நெஞ்சுக்குள்ளும் நெறிகள் வந்துவிட்டன, "இனிமே குணமாகும்னு சொல்றதுக்கு இல்லைங்க, மூச்சும் முழுங்கறதும் அடைச்சுக்காம இருக்கக் கொஞ்ச நாள் கரண்டு வெச்சுப் பார்க்கலாம்" என்றார். நாளைக்கு எப்போது வர வேண்டும் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

வெளியே காத்திருந்தவளிடம், புது முகமூடிக்கு அளவு எடுத்தாயிற்று, வேறொன்றும் இல்லை என்றேன். வண்டியில் ஏறினாள். நான்தான் ஓட்டினேன். அது அவளுடைய பயிற்சி வண்டி, பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டே, சிக்னல் தாண்டி நடு ரோட்டில் அதை மிதித்து நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரே ஹாரன். "நெஞ்சுக்குள்ள எறங்கிடுச்சாங்க?" என்றாள், குரல் வெறும் காற்றாக வந்தது. நான் தலையை ஆட்டினேன். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. கண்ணீர் வழிந்து கழுத்துப் புண்ணில் பட்டு எரிய, துடைக்கவும் முடியாமல் அழுதாள். திட்டுவதற்கென்று இறங்கி வந்த லாரிக்காரர் ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பின்னால் போய் நின்று மற்ற வண்டிகளை விலக்கிவிட்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க, புது வேலை, லீவு கேட்டுக் கெடுத்துக்குவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்று சொன்னேன். சொன்ன வாக்கை இதோ மீறிவிட்டேன்.

வேலை போனால் போகட்டும், நீ வா. எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொள்ளக்கூட ஒன்றும் மிச்சமில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப அவளை எழுப்பப் போனால் வாசற்படியிலேயே கால் நின்றுவிடுகிறது. வெறும் வயிற்றோடு பயணம் கிளம்பாதே, பாஸ்போர்ட்டைக் கைப்பையிலேயே வை. வரும்வரை தினமும் போன் பண்ணு, ஆனால் எப்படி இருக்கிறாய் என்று மட்டும் அவளைக் கேட்காதே. குரல் இப்போது சுத்தமாகப் போய்விட்டது, பதில் சொல்ல முடியாமல் போனை என்னிடம் நீட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நீ பாட்டுக்குப் பேசு, மாப்பிள்ளையைக் குறை சொல்லு, அங்கே மழையா வெயிலா சொல்லு, கேட்டுக்கொண்டிருப்பாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். இரண்டு பேர் என்று எழுத முடிகிறபோதே வந்துவிடு அம்மாடி.

இப்படிக்கு,
உன் அப்பா